அணையாத டிஸ்க் லைட்: ஒரு பழைய லேப்டாப்பின் நிகழ்வு ஆய்வு

கணினி என் சித்தப்பாவுடையது. பத்து வருடத்துக்கு மேல் ஓடிய லேப்டாப். இரண்டு கோர் புராசஸர், 4 ஜிபி ரேம், நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. டிஸ்க் வேலை செய்யும்போது மட்டும் எரிய வேண்டிய சிறு விளக்கைப் பற்றி அவர் சொன்ன புகார் இது: "ஒண்ணுமே திறக்காம சும்மா வச்சிருந்தாலும் டிஸ்க் லைட் அணைய மாட்டேங்குது. காதை வச்சுக் கேட்டா உள்ள கரகரன்னு சத்தம். மெயில் திறக்கிறதுக்குள்ள பொறுமை போயிடுது."

இதற்கு முன்பே தெரிந்தவர் ஒருவர் பார்த்து, சிஸ்மெயின் சர்வீஸையும் (அடிக்கடி பயன்படுத்தும் மென்பொருள்களை முன்கூட்டியே ரேமில் ஏற்றி வைப்பது), விண்டோஸ் சர்ச் என்ற தேடல் சர்வீஸையும் நிறுத்திக் கொடுத்திருக்கிறார். "கொஞ்சம் வேகமான மாதிரி இருந்துச்சு, ஆனா லைட் அப்படியேதான்" என்றார் சித்தப்பா. எனக்கு மிகவும் உதவிய தகவல் இதுதான். வழக்கமாகக் குற்றம் சாட்டப்படும் இரண்டும் இல்லாமலேயே லைட் எரிகிறது என்றால், வேறு ஏதோ ஒன்று விடாமல் டிஸ்க்கைத் தொட்டுக்கொண்டிருக்கிறது.

அதனால் நான் முதலில் செய்தது, நிறுத்தி வைத்த இரண்டையும் திரும்ப இயக்கியது. பழுது தேடும்போது கணினி அதன் இயல்பான நிலையில் இருக்க வேண்டும். கண்ணில் பட்ட சர்வீஸையெல்லாம் அணைத்துக்கொண்டே போனால், கடைசியில் லைட் அணைந்தாலும் எதனால் அணைந்தது என்று யாருக்கும் தெரியாது.

டிஸ்க் நலமாக இருக்கிறதா

இதைப் பார்க்காமல் அடுத்த அடி வைக்கக் கூடாது. சாகப்போகிற ஹார்ட் டிஸ்க்கும் இதே அறிகுறியைத்தான் காட்டும்: லைட் எரியும், சத்தம் வரும், எல்லாம் உறையும். அப்படிப்பட்ட டிஸ்க்கில் ஸ்கேன், டிஃப்ராக் (சிதறிய கோப்புகளை ஒன்றுசேர்ப்பது), செக்டிஸ்க் (டிஸ்க் பிழைச் சோதனை) என்று வரிசையாக ஓட்டினால் மிச்ச உயிரும் போய்விடும். ஆகவே முதலில் புகைப்படங்களையும் ஆவணங்களையும் வெளி டிஸ்க்குக்கு நகல் எடுத்தேன். அப்புறம் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருள் கொண்டு, டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் விவரங்களைப் பார்த்தேன்.

நீளமான அந்தப் பட்டியலில் கவனிக்க வேண்டியவை நான்கு வரிகள். 05 என்பது, கெட்டுப்போனதால் மாற்று இடம் ஒதுக்கப்பட்ட செக்டார்களின் (டிஸ்க்கில் தகவல் சேரும் சிறு பகுதிகள்) எண்ணிக்கை. சி5 என்பது, படிக்க முடியாமல் திணறி முடிவுக்காகக் காத்திருக்கும் செக்டார்கள். சி6 என்பது, சோதனையிலும் மீட்க முடியாதவை. சி7 என்பது டிஸ்க்குக்கும் போர்டுக்கும் இடையே தகவல் சிதைந்த தடவைகள். இது ஏறிக்கொண்டே போனால் பெரும்பாலும் கேபிளையோ கனெக்டரையோதான் சந்தேகிக்க வேண்டும். நான்கில் எனக்கு அதிக பயம் தருவது சி5. ஒரே ஒரு செக்டார் அப்படி இருந்தாலும், அதைப் படிக்க டிஸ்க் திரும்பத் திரும்ப முயலும். அந்த நேரம் முழுக்கக் கணினி கல்லாக நிற்கும்.

இந்த டிஸ்க்கில் நான்குமே பூஜ்யம். ஓடிய நேரம் 21,000 மணிக்குச் சற்று மேல். விண்டோஸ் தன் பிழைகளைக் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரிலும் சிஸ்டம் பகுதியில் 7, 51, 129, 153 ஆகிய எண்களைத் தேடினேன். 7 என்றால் கெட்ட செக்டார், 51 என்றால் பேஜிங் (ரேமுக்கும் டிஸ்க்குக்கும் இடையே தகவலை மாற்றுவது) சமயத்தில் பிழை, 129 என்றால் டிஸ்க் பதில் தராமல் ரீசெட் செய்யப்பட்டது, 153 என்றால் ஒரு வேலை மறுபடி முயலப்பட்டது. எதுவும் இல்லை.

அத்தியாவசியமானவை மட்டும் ஓடுகிற சேஃப் மோடில் ஒருமுறை துவக்கியும் பார்த்தேன். துவங்கி முடித்த சிறிது நேரத்தில் லைட் அணைந்தது, அணைந்தபடியே இருந்தது. டிஸ்க் நலம். பிரச்சினை, சாதாரண முறையில் துவக்கும்போது மட்டும் ஓடுகிற ஏதோ ஒரு மென்பொருளில்.

100% என்பதை எப்படிப் படிப்பது

டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் டிஸ்க் பத்தியில் சிவந்துபோய் 95, 98, 100 என்று ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பர்ஃபாமன்ஸ் பக்கத்தில் பார்த்தால் படிப்பதும் எழுதுவதும் சேர்த்து விநாடிக்கு ஒரு எம்பிகூட இல்லை. பலரும் குழம்புவது இங்கேதான். இந்த டிஸ்க்கால் தொடர்ச்சியாகப் படிக்கும்போது விநாடிக்கு 80 எம்பிக்கு மேல் தர முடியும். அப்படியிருக்க, அரை எம்பிக்கே எப்படி 100% ஆனது?

அந்தச் சதவீதம் டிஸ்க் எத்தனை எம்பி கொடுத்தது என்பதைக் காட்டுவதில்லை. ஒரு விநாடியில் எவ்வளவு நேரம் ஏதாவது ஒரு வேலை கையில் இருந்தது என்பதை மட்டும் காட்டுகிறது. சுழலும் டிஸ்க்கில் நேரத்தை விழுங்குவது, படித்து எழுதும் முனையான ஹெட் நகர்வதும், வேண்டிய இடம் சுழன்று வருவதும்தான். 5400 ஆர்பிஎம் என்றால் ஒரு சுற்றுக்கு 11.1 மில்லி விநாடி. சராசரியாகப் பாதிச் சுற்று காத்திருக்க வேண்டும், அது 5.6 மில்லி விநாடி. ஹெட் இடம் மாற ஏறக்குறைய 12 மில்லி விநாடி. இரண்டையும் கூட்டினால் சிதறிக் கிடக்கும் ஒவ்வொரு துண்டுக்கும் 17, 18 மில்லி விநாடி ஆகிறது. ஆக, விநாடிக்கு 55 முதல் 60 துண்டுகள்தான் முடியும். ஒவ்வொன்றும் 4 கேபி என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 240 கேபி. ஒரு நாவலை முதல் பக்கத்திலிருந்து வாசித்துக்கொண்டே போவதற்கும், ஒவ்வொரு வரிக்கும் எழுந்து போய் வேறு அலமாரியில் வேறு புத்தகத்தை எடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் இது.

இதை மனதில் வைத்துக்கொண்டால் 100% என்பது மூன்று வெவ்வேறு படங்களாகப் பிரியும். சதவீதமும் அதிகம், எம்பியும் அதிகம் என்றால் டிஸ்க் நிஜமாகவே பெரிய வேலை ஏதோ செய்கிறது: அப்டேட், முழு ஸ்கேன், பெரிய நகல். முடியும்வரை விட்டுவிடலாம். சதவீதம் அதிகம், எம்பி குறைவு என்றால் சின்னச் சின்னதாய்ச் சிதறிய வேலைகள். மூன்றாவது, சதவீதம் 100, எம்பி கிட்டத்தட்ட பூஜ்யம், கணினி மொத்தமாக உறைந்து நிற்கிறது. இது கெட்ட செக்டாராக இருக்கலாம், கேபிளாக இருக்கலாம், டிரைவராகவும் இருக்கலாம். டிஸ்க்கைப் போர்டுடன் இணைக்கும் சில ஏஹெச்சிஐ வகைக் கன்ட்ரோலர்களில், விண்டோஸுடன் வரும் டிரைவர் எம்எஸ்ஐ என்ற இன்டரப்ட் முறையில் (வேலை முடிந்ததைப் புராசஸருக்குத் தெரிவிக்கும் ஒரு வழி) ஓடும்போது இப்படி ஆவதுண்டு. மைக்ரோசாஃப்டே இதைப் பதிவுசெய்து, ரெஜிஸ்ட்ரி என்ற விண்டோஸ் அமைப்புத் தொகுப்பில் அந்த முறையை நிறுத்தும் வழியையும் தந்திருக்கிறது.

நம் கணினி காட்டியது இரண்டாவது படம்.

பட்டியலின் மேலே இருப்பவர்கள்

இனி யார் என்று தேட வேண்டும். அதற்கு டாஸ்க் மேனேஜரைவிட ரிசோர்ஸ் மானிட்டர் நல்லது. எந்த புராசஸ் எந்தக் கோப்பைத் தொடுகிறது என்று பெயரோடு காட்டும். டிஸ்க் பக்கத்தைத் திறந்து, வழக்கம்போல் மொத்த பைட் அளவின்படி வரிசைப்படுத்தினேன். மேலே மூன்று பெயர்கள் மாறி மாறி வந்தன: விண்டோஸின் வைரஸ் தடுப்பான டிஃபெண்டரின் ஸ்கேன் புராசஸ், தேடலுக்காகக் கோப்புகளைப் பட்டியலிடும் சர்ச் இண்டெக்ஸர், விண்டோஸின் சொந்த வேலைகளைக் காட்டும் சிஸ்டம்.

பெரும்பாலானோர் இந்த இடத்தில் முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். டிஃபெண்டரை நிறுத்து, சர்ச்சை நிறுத்து என்ற அறிவுரை பிறப்பது இந்தப் பட்டியலிலிருந்துதான். எனக்கு உறுத்தியது வேறு. இண்டெக்ஸர் என்பது ஒரு முறை எல்லாவற்றையும் பட்டியலிட்டு முடித்துவிட்டு, பிறகு மாறிய கோப்புகளை மட்டும் பார்ப்பது. சர்ச்சை முந்தைய நாளே இயக்கி, இரவு முழுக்க ஓடவிட்டிருந்தேன். அத்தனை மணி நேரம் கழித்தும் அதற்கு ஏன் வேலை தீரவில்லை? இண்டெக்ஸிங் ஆப்ஷன்ஸில் பார்த்தால் 'முடிந்தது' என்று வரும், அடுத்த நொடியே மறுபடி ஓர் உருப்படி பாக்கி என்று வரும். டிஃபெண்டரும் அப்படித்தான்; திட்டமிட்ட ஸ்கேன் எதுவும் அப்போது நடக்கவில்லை, ஆனாலும் எதையோ படித்துக்கொண்டே இருந்தது.

திட்டமிட்ட ஸ்கேன் போன்றவற்றைத் தவிர, இரண்டுமே தானாகக் கிளம்பி வேலை செய்பவை இல்லை என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். ஒரு கோப்பு மாறினால் இண்டெக்ஸரும், மாறினாலோ திறக்கப்பட்டாலோ டிஃபெண்டரும் ஓடி வருகின்றன. டிஸ்க்கில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் என்டிஎஃப்எஸ் முறை, தன் மாற்றப் பதிவேட்டில் ஒவ்வொரு மாற்றத்தையும் குறித்து வைக்கும்; இண்டெக்ஸர் அதைப் பார்த்துத்தான் தன் வரிசையில் கோப்பைச் சேர்க்கிறது. ஆக, கேள்வியை மாற்ற வேண்டும். அதிகம் படிப்பது யார் என்று கேட்பதை விட்டுவிட்டு, ஓயாமல் மாறிக்கொண்டிருக்கும் கோப்பு எது என்று கேட்டேன்.

ரிசோர்ஸ் மானிட்டரில் ஐஓ பிரையாரிட்டி (டிஸ்க் வேலையின் முன்னுரிமை) என்றொரு பத்தி உண்டு, அதிகம் பேர் கவனிப்பதில்லை. இண்டெக்ஸரின் வரிகளெல்லாம் 'பேக்கிரவுண்ட்' என்று இருந்தன. அதாவது, மற்றவர் கேட்டால் வழிவிட்டு ஒதுங்குகிற வேலை. விஸ்டாவிலிருந்து விண்டோஸில் இந்த ஏற்பாடு இருக்கிறது. பட்டியலின் அடியில், பைட் கணக்கில் ஒன்றுமே இல்லாத ஒரு வரி 'நார்மல்' என்று நின்றது. ஆவணங்கள் ஃபோல்டருக்குள் ஒரு துணை ஃபோல்டர், அதற்குள் ஒரு லாக் ஃபைல் (ஒரு மென்பொருள் தான் செய்வதை வரி வரியாகக் குறித்து வைக்கும் கோப்பு). பக்கத்திலேயே, டாலர் குறியோடு தொடங்கும் எம்எஃப்டி (எல்லாக் கோப்புகளின் அட்டவணை), லாக்ஃபைல் (என்டிஎஃப்எஸ்ஸின் பாதுகாப்புப் பதிவு) என்ற என்டிஎஃப்எஸ்ஸின் சொந்தக் கோப்புகள், சிஸ்டம் பெயரில். மற்ற வரிகள் வந்து போயின. இந்த மூன்று மட்டும் பட்டியலை விட்டு நகரவே இல்லை.

எண்ணிப் பார்த்தது

சந்தேகத்தை உறுதிசெய்ய மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் கருவித் தொகுப்பிலுள்ள புராசஸ் மானிட்டரை எடுத்தேன். அது ஒவ்வொரு கோப்புச் செயலையும் பதிவு செய்யும். குறைந்த ரேம் உள்ள கணினியில் இதை நெடுநேரம் ஓடவிடக் கூடாது. பதிவுகள் நினைவகத்திலேயே சேர்வதால் அதுவே டிஸ்க்கை அலைக்கழிக்கத் தொடங்கிவிடும். பதிவை ஒரு பென் டிரைவுக்குத் திருப்பிவிட்டு, ஐந்து நிமிடம் மட்டும் ஓட்டி நிறுத்தினேன். பிறகு டூல்ஸ் மெனுவில் ஃபைல் சம்மரி. இது ஒவ்வொரு கோப்பையும் எத்தனை முறை திறந்தார்கள், எழுதினார்கள், மூடினார்கள் என்று எண்ணிக்கொடுக்கும். பைட்டை விட்டுவிட்டு எண்ணிக்கையின்படி வரிசைப்படுத்தினால் போதும்.

முதல் இடத்தில் அதே லாக் ஃபைல். ஐந்து நிமிடத்தில் சுமார் 2,700 முறை எழுதப்பட்டிருந்தது; விநாடிக்கு ஒன்பது. ஒவ்வொரு முறையும் ஒரே சடங்கு: கோப்பைத் திற, ஒரு வரி எழுது, உடனே டிஸ்க்கில் இறக்கு, மூடு. வரியின் நீளம் 110 பைட் அளவு. கூட்டிப் பார்த்தால் விநாடிக்கு ஒரு கேபி மட்டும். அதனால்தான் பைட் பட்டியலில் அடியில் கிடந்தது.

சாதாரணமாக ஒரு மென்பொருள் எழுதுவதை விண்டோஸ் நினைவகத்தில் சேர்த்து வைத்து, சாவகாசமாக மொத்தமாய் டிஸ்க்கில் இறக்கும். 'இப்போதே இறக்கு' என்று மென்பொருள் வற்புறுத்தினால் அந்த வசதி போய்விடுகிறது. அப்போது லாக் ஃபைலின் வால் ஓரிடத்தில், அதன் அளவையும் நேரத்தையும் குறிக்கும் எம்எஃப்டி பதிவு இன்னோரிடத்தில், என்டிஎஃப்எஸ்ஸின் பாதுகாப்புப் பதிவு மூன்றாவது இடத்தில் என்று ஹெட் மூன்று இடங்களுக்கு ஓட வேண்டியிருக்கிறது. ஒன்பதை மூன்றால் பெருக்கினால் 27. இந்த டிஸ்க்கால் விநாடிக்கு முடிவதே 60க்குள். பாதி சக்தி, 110 பைட் வரிகளை எழுதுவதில் போகிறது. மீதிப் பாதியில்தான் மாறிய கோப்பைப் பார்க்க டிஃபெண்டரும், வரிசையைப் புதுப்பிக்க இண்டெக்ஸரும் போட்டி போடுகின்றன. சித்தப்பா மெயிலைத் திறந்தால் அது இவற்றுக்கெல்லாம் பின்னால் நிற்கிறது.

லாக் ஃபைலைத் திறந்து பார்க்கலாம் என்றால் 3 ஜிபிக்கு மேல் இருந்தது, நோட்பேட் திணறியது. பவர்ஷெல் என்ற கட்டளைச் சாளரத்தில் கடைசி இருபது வரிகளை மட்டும் எடுத்தேன். எல்லாம் ஒரே வாக்கியம், நேரம் மட்டும் வேறு: ஸ்கேனரைத் தேடுகிறேன், கிடைக்கவில்லை, மீண்டும் முயல்கிறேன். வீட்டில் ஒருகாலத்தில் இருந்த ஆல்-இன்-ஒன் பிரிண்டருடன் வந்த துணை மென்பொருள் அது. பிரிண்டரைத் தூக்கிப் போட்டு வெகுகாலம் ஆகிவிட்டது. மென்பொருள் மட்டும் அதை நெட்வொர்க்கில் தேடிக்கொண்டிருக்கிறது. இரண்டு முயற்சிகளுக்கு இடையில் சற்றுப் பொறுக்க வேண்டும் என்று அதை எழுதியவர்கள் ஏற்பாடு செய்யவில்லை.

டாஸ்க் மேனேஜரில் அதை முடித்தேன். லைட் அணைந்தது, ஒரு நிமிடத்தில் மறுபடி எரிந்தது. சர்வீசஸ் பக்கத்தில் அதன் ரெகவரி தாவலைப் பார்த்ததும் காரணம் புரிந்தது: நின்றுபோனால் ஒரு நிமிடம் கழித்துத் திரும்பத் துவக்கு என்று அமைத்திருந்தார்கள். சர்வீஸை டிசேபிள் செய்துவிட்டு, புரோகிராம்ஸ் பட்டியலிலிருந்து அந்தப் பிரிண்டர் தொகுப்பை முழுதாக நீக்கினேன். தானாகத் துவங்குபவற்றைப் பட்டியலிடும் ஆட்டோரன்ஸ் கொண்டு மிச்சம் மீதி உண்டா என்றும் பார்த்தேன். ஒரு ஷெட்யூல்டு டாஸ்க் தங்கியிருந்தது, அதையும் எடுத்தேன். கடைசியாக லாக் ஃபைலை அழித்தேன்.

மறுதுவக்கம் செய்து, கால் மணி நேரம் எதையும் தொடாமல் விட்டபின் டிஸ்க் 0 முதல் 3 சதவீதம். கியூ நீளம் (டிஸ்க்குக்காகக் காத்திருக்கும் வேலைகள்) 0.1க்குக் கீழ். டிஃபெண்டர், சர்ச், சிஸ்மெயின் மூன்றும் இயங்கியபடியேதான் இருந்தன.

அடியில் இருந்த இன்னொரு காரணம்

சும்மா இருக்கும்போது லைட் அணைந்துவிட்டது; புகாரின் பாதி தீர்ந்தது. ஆனால் பிரவுசரில் ஏழெட்டு டேப் திறந்ததும் பழையபடி எரிந்தது. இம்முறை ரிசோர்ஸ் மானிட்டர் ஒளிவுமறைவு இல்லாமல் காட்டியது: சிஸ்டம் பெயரில் பேஜ்ஃபைல் (ரேமில் இடம் போதாதவற்றை டிஸ்க்கில் வைக்கும் கோப்பு), படிப்பும் எழுத்தும் மாறி மாறி. மெமரி பக்கத்தில் விநாடிக்கு நூற்றுக்கணக்கில் ஹார்டு ஃபால்ட். ஒரு மென்பொருள் கேட்ட பக்கம் (நினைவகத்தின் ஒரு சிறு துண்டு) ரேமில் இல்லாமல் டிஸ்க்குக்குப் போய் எடுத்து வர வேண்டிய தடவைகளின் கணக்கு அது. மென்பொருள்களுக்குத் தருவதாக விண்டோஸ் ஒப்புக்கொண்ட மொத்த நினைவகம் (கமிட்) 6 ஜிபியைத் தாண்டியிருந்தது, இருக்கும் ரேமோ 4 ஜிபி. விண்டோஸ் 10 தன்னால் முடிந்த அளவு பக்கங்களைச் சுருக்கி ரேமிலேயே வைக்கப் பார்க்கும்; அதற்கும் ஓர் எல்லை உண்டு.

பேஜ்ஃபைலை அடியோடு நிறுத்திவிடுங்கள் என்று இதற்கு ஒரு யோசனை சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். இடம் போதாதபோது பக்கங்களைத் தள்ளி வைக்க ஓரிடம் வேண்டும். அது இல்லையென்றால் மென்பொருள்கள் சொல்லாமல் கொள்ளாமல் மூடிக்கொள்ளும், திறந்திருந்த வேலையோடு சேர்த்து. ரேம் பற்றாக்குறைக்கு மருந்து ரேம்தான். இந்த லேப்டாப்பில் ஒரு ஸ்லாட் காலியாக இருந்தது. அதே வகை டிடிஆர்3 குறைந்த மின்னழுத்த ரேம் 4 ஜிபி போட்டு மொத்தம் 8 ஆக்கினோம். அதே டேப்களைத் திறந்தால் ஹார்டு ஃபால்ட் பெரும்பாலும் பூஜ்யத்தில் நின்றது, எப்போதாவது மேலே எட்டிப் பார்த்தது.

எஸ்எஸ்டியை ஏன் முதலிலேயே போடவில்லை

இந்தக் கேள்வியைச் சித்தப்பாவே கேட்டார். நியாயமான கேள்வி. சாட்டா இணைப்பில் ஓடும், சிப்பில் தகவலைச் சேமிக்கும் எஸ்எஸ்டியில் நகரும் ஹெட் கிடையாது. சிதறிய சின்ன வேலைகளை விநாடிக்கு ஆயிரக்கணக்கில் முடிக்கும். மாற்றிய நொடியே அந்த லைட்டும் தாமதமும் மறைந்திருக்கும்.

மறைந்திருக்கும், அவ்வளவுதான். லாக் எழுதும் மென்பொருள் ஓடிக்கொண்டே இருந்திருக்கும். 110 பைட் வரிக்காக எஸ்எஸ்டி ஒவ்வொரு முறையும், அதன் எழுதும் அலகான ஒரு முழுப் பக்கத்தை எழுத வேண்டும். அதன் எழுதும் ஆயுள் கணக்கில் வீணாய்ச் சேரும். புராசஸர் ஓயாது, பேட்டரி சீக்கிரம் இறங்கும், கோப்பும் 3 ஜிபியிலிருந்து வளர்ந்துகொண்டே போகும். பழைய ஹார்ட் டிஸ்க்கின் மந்தம்தான் இந்தத் தவறைக் காட்டிக் கொடுத்தது. எனவே என் வரிசை எப்போதும் இப்படி: முதலில் நகல், பிறகு டிஸ்க்கின் உடல்நிலை, பிறகு ஓயாத வேலையைக் கண்டுபிடிப்பது, பிறகு ரேம், கடைசியில் எஸ்எஸ்டி. டிஸ்க் சாகும் நிலையில் இருந்தால் மட்டும் கடைசியில் இருப்பது முன்னால் வரும். சித்தப்பாவுக்கும் எஸ்எஸ்டி வாங்கச் சொல்லியிருக்கிறேன். வாங்கியதும் இந்தச் சுத்தமான நிலையை அப்படியே அதற்குக் குளோன் (முழு நகல்) செய்யலாம்.

மீண்டும் எரிந்தபோது

ரேம் போட்டுக் கொடுத்த பின் ஒரு காலையில் அவர் கூப்பிட்டார்: "மறுபடியும் லைட் எரியுதுப்பா." கணினியைத் திறந்து வைத்துவிட்டுக் காபி குடிக்கப் போயிருக்கிறார், திரும்பி வந்தால் எரிகிறது. மவுஸைத் தொட்டதும் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டதாம். இது வேறு. விண்டோஸின் தானியங்கிப் பராமரிப்பு வேலைகள் அதிகாலை 2 மணிக்கு என்று வைக்கப்பட்டிருக்கும். அந்த நேரத்தில் கணினி அணைந்திருந்தால், அடுத்து எப்போது சும்மா இருக்கிறதோ அப்போது அவை ஓடும்: டிஃப்ராக், ஸ்கேன், அப்டேட் தயாரிப்பு. ஆள் வந்து தொட்டால் நின்றுவிடும்.

அவரிடம் சொன்ன கணக்கு இது: தொட்டதும் அடங்கினால் விட்டுவிடுங்கள். தொட்டும் அடங்காமல், தொடாமல் விட்டால் ஒரு மணி நேரத்துக்குப் பிறகும் எரிந்தால், ரிசோர்ஸ் மானிட்டரில் டிஸ்க் பக்கத்தைத் திறந்து, பட்டியலை விட்டுப் போகாத கோப்பின் பெயரை மட்டும் போனில் படம் எடுத்து அனுப்புங்கள்.